பத்து மணித் தலை

அந்த மூன்று நாலு மாதம் அந்தத் தெரு ஆண்களைப் பின்னாலிருந்து பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. வகிடு நேராக இருக்கும், காதோரம் சுத்தமாக இருக்கும், உச்சியில் அளவு பிசகாது. பிடரிக்கு வந்தால் மட்டும் காதுக்குக் காது பூனை ரோமம் மாதிரி ஒரு சரம் விட்டுப்போயிருக்கும். "என்னய்யா, பாதியிலேயே எழுந்து ஓடி வந்துட்டியா?" என்று அடுத்த தெருக்காரன் கேட்டால் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துவிடுவார்கள். காரணம் மட்டும் ஒருத்தர் வாயிலிருந்தும் வராது.

காரணம் இதுதான். அந்தத் தலைகளெல்லாம் சலூன்காரர் வெட்டியவை. அவர் கையில் கத்தியோ பிளேடோ கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கத்தி இல்லாமல் பிடரியை யார்தான் முடிக்க முடியும்? கடையில் அவருடைய தம்பி இருக்கிறான், அங்கே போய் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் ஆயிற்று. ஆனால் ஒருத்தர் வெட்டின தலையில் அன்றைக்கே இன்னொருத்தர் கத்தி வைப்பது அவர்கள் தொழிலில் மூஞ்சியில் துப்புவதற்குச் சமம். தம்பி அதைச் செய்ய மாட்டான். தெருவும் அவனைக் கேட்கவில்லை. அப்படியே திரிந்தார்கள், பாவம்.

சலூன்காரர் விழுந்தது ஒரு புதன்கிழமை முற்பகல். விழுந்தது என்றால் கீழே விழவில்லை. ஒருத்தரை நாற்காலியில் உட்கார வைத்து, துணியைக் கழுத்தில் முடிந்து, இடது பக்கம் முழுக்க வெட்டிவிட்டு வலது பக்கத்துக்குச் சுற்றி வந்தவர், கத்தரியைக் கண்ணாடி முன்னால் வைத்துவிட்டுக் கடையை விட்டு இறங்கி நடந்துவிட்டார். டீ குடிக்கப் போகிறார் என்று தம்பி நினைத்தான். அவர் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"தலைவலியாங்க?" என்று அண்ணி கேட்டாள்.

"இல்ல."

"காய்ச்சலா? தொட்டுப் பாக்கட்டுமா?"

"இல்லடி. சும்மா விடு."

அவர் பெண்டாட்டியைத்தான் அண்ணி என்கிறேன். கொழுந்தன் வாய் ஓயாமல் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு, தெருவே அவளுக்கு அந்தப் பேரை வைத்துவிட்டது. அவளைவிட இருபது வயது மூத்த தபால்காரர்கூட அண்ணி என்றுதான் கூப்பிடுவார். அவளும் சளைக்காமல், "சொல்லுங்க தம்பி" என்பாள். அப்படிப்பட்ட வாய்க்காரி. துணிக்கடைக்காரர்கள் கட்டுக்கட்டாக அனுப்புகிற சட்டைகளுக்கு வீட்டில் உட்கார்ந்து பட்டன் தைப்பது அவள் வேலை. பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே பேசுவாள். அவர் படுத்த அன்றைக்கு அந்த வாய் அடைத்தது.

தெரு சும்மா இருக்குமா? காரணம் தேடியது. தம்பியோடு சண்டை என்றார்கள். சண்டையில்லை. வயிற்றில் ஏதோ கட்டி என்றார்கள். கட்டியில்லை. ஒரே மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்த ஏக்கம் என்றார்கள். கட்டிக்கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது, இப்போது என்ன திடீரென்று ஏக்கம்? அண்ணியும் தேடினாள். தான் என்ன செய்தோம், எதைச் செய்யாமல் விட்டோம் என்று ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு தேடினாள். ஒரு காரணம் இருந்தால் அதோடு மல்லுக்கட்டலாம். ஒன்றுமே இல்லாததோடு எப்படி மல்லுக்கட்டுவது?

இரண்டு மாதம் போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். அவரைத் தனியாக வைத்துப் பேசிவிட்டு, அப்புறம் அண்ணியைக் கூப்பிட்டார் டாக்டரம்மா.

"மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும்மா. அதுவரைக்கும் அவருக்கே மனசு வந்து எழுந்திரிப்பாருன்னு காத்திருக்காதீங்க. மனசு வராது. மொதல்ல உடம்பு எழுந்திரிக்கட்டும், மனசு பின்னால வரட்டும். தினமும் ஒரே நேரத்துக்கு எழுப்புங்க. குளிக்க வைங்க. வெயில் படுற மாதிரி கொஞ்சம் நடக்கட்டும். கை பழகின வேலை ஏதாவது ஒண்ணு. சின்னதா, நாளைக்கு ஒண்ணே ஒண்ணு போதும்."

"கைக்குப் பழக்கம்னா அவருக்கு முடி வெட்டுறதுதாங்க."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "கத்தரி, கத்தி எல்லாம் வீட்டுல இருக்கா?"

"தொழிலே அதுதானேங்க."

"அம்மா, நான் சொல்றதப் பதறாமக் கேளுங்க. உயிரோட இருக்கணும்னு தோணலன்னு எங்கிட்ட சொன்னார். அவர் சொன்னது நல்லது. சொல்லாம இருக்கிறவங்கள நெனச்சுத்தான் நான் ரொம்பப் பயப்படுவேன்."

இருபத்தெட்டு வருஷம் பக்கத்தில் படுத்திருக்கிற தன்னிடம் சொல்லாததை, அரை மணி நேரம் பார்த்த பெண்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாரே என்று அண்ணிக்குப் பயத்துக்கு நடுவிலும் எரிந்தது. அந்த நேரத்தில்கூட அப்படி எரிந்ததே என்று தன்மேலேயே வெறுப்பாகவும் இருந்தது.

கத்தியும் பிளேடும் வீட்டை விட்டுப் போயின. மாத்திரைகளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். கத்தரி ஒன்று மட்டும் இருக்கலாம், அதுவும் வேலை நேரத்துக்கு மட்டும், அவள் வீட்டில் இருக்கும்போது மட்டும், கூட ஒரு ஆள் இருக்கும்போது மட்டும். "அதுக்காகத் தலைமேல நின்னுக்கிட்டு இருக்காதீங்க. ஜெயில் மாதிரி ஆயிடும்" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். பார்த்துக்கொள்ளவும் வேண்டும், பார்க்கிற மாதிரி தெரியவும் கூடாது. இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அது என்ன வேலை என்று.

காலை ஆறு மணிக்கு எழுப்புவாள். ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஆறரைக்கு ஒரு கால் தரைக்கு வரும். "இன்னொண்ணையும் இறக்குங்க ராசா, அது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு" என்பாள். அவர் அந்தக் காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அடுத்த வீட்டுக்காரர் காலைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார். குளிக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் முதல் செம்புத் தண்ணீரை அவள் ஊற்றினால் மிச்சத்தை அவரே ஊற்றிக்கொள்வார், சில நாள் அதுவும் இல்லை. ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தால் ஒன்று தின்பார், ஒன்றை வைத்துவிடுவார். பிறகு தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடை. போக நானூறு அடி, வர நானூறு அடி. பாதி வழியில் நின்றுவிடுவார். அவளும் செருப்பு வார் அறுந்தவள் மாதிரி குனிந்துகொண்டு நிற்பாள், யாராவது பார்த்தால் ஏன் நிற்கிறார்கள் என்று கேட்காமல் இருக்கட்டும் என்று.

பத்து மணிக்குத் தலை.

கடையில் கிடந்த பழைய சுழல் நாற்காலியைத் தம்பி கொண்டுவந்து பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போட்டான். அங்கேதான் நல்ல வெளிச்சம். தினமும் ஒரு ஆள் வருவார். யார் எந்த நாள் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தம்பி எழுதி வைத்திருந்தான். தபால்காரர், ஸ்கூட்டர் மெக்கானிக், வாத்தியார், இஸ்திரிக்காரர், மருந்துக்கடைக்காரர் என்று மொத்தம் இருபத்திரண்டு பேர். ஒருத்தரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தெருவைப் பற்றி எவ்வளவு குறை வேண்டுமானாலும் சொல்லலாம், இந்த ஒன்றை மறைக்க முடியாது.

"அண்ணி, நாளைக்கு யாரு தெரியுமா? வழுக்கையார்."

"அவருக்கு வெட்ட என்ன தம்பி இருக்கு?"

"காதுல இருக்கு அண்ணி. மூக்குலகூடக் கொஞ்சம் இருக்கு. பேரை எழுதலைன்னா கோச்சுக்குவாரு. தெருவுல நான் மட்டும் மனுஷன் இல்லையான்னு கடையில வந்து நின்னு கேட்டாரு."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அண்ணி சிரித்தாள். வாயில் கடித்திருந்த நூல் விழுந்துவிட்டது.

பத்து மணிக்கு அவள் இடுப்புச் சாவியால் பெட்டியைத் திறந்து கத்தரியை எடுத்து அவர் கையில் கொடுப்பாள். பிறகு அடுக்களையில் பின்கதவுக்குப் பக்கத்தில் சட்டைக் கட்டோடு உட்கார்ந்துகொள்வாள். கதவு பாதி சாத்தியிருக்கும். அங்கிருந்து பார்த்தால் தெரியாது, காது கேட்கும். கிச், கிச், கிச். அந்தச் சத்தம்தான் அவளுக்குக் காவல். சத்தம் வந்துகொண்டிருந்தால் கத்தரி தலைமேல் இருக்கிறது என்று அர்த்தம். நின்றால் எழுந்துவிடுவாள். ஒரு தடவை, இரண்டு தடவை கதவு இடுக்கில் தலையை நீட்டி, "டீ போடட்டுமாங்க?" என்பாள். வெட்டிக்கொள்ள வந்தவருக்கு டீ குடித்துக் குடித்து வயிறு உப்பிவிடும்.

முதல் வாரம் சத்தம் பத்து நிமிஷத்துக்குமேல் தாங்காது. அப்புறம் பதினைந்து. மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் பின்கட்டு ஓட்டுச் சரிவின் கீழே நாற்காலியைத் தள்ளிப்போட்டுக்கொண்டு இருபது. கத்தரி துருப்பிடிக்காமல் இருக்கத் தினமும் எண்ணெய் துடைத்து வைத்தாள். மழை விட்டு வெயில் வந்தபோது அரைமணி, முப்பத்தைந்து, ஒரு நாள் நாற்பது நிமிஷம். நாற்பது! கடையில் நன்றாக இருந்த காலத்தில்கூட ஒரு தலைக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. பழைய ஆள் திரும்பி வந்துகொண்டிருக்கிறார் என்று அண்ணி நினைத்தாள். ஆறு மணிக்கு எழுப்பினால் கால் முன்போலவேதான் இறங்கியது. ரொட்டி முன்போலவேதான் மிச்சமாயிற்று. ஆனால் காது கேட்பதைக் கண் பார்ப்பதைவிட அவள் நம்பினாள். எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாமல், பட்டன் தைத்துக்கொண்டே ராகமும் இல்லாத வார்த்தையும் இல்லாத ஒன்றை முணுமுணுக்கத் தொடங்கியிருந்தாள். மகள் போன் பண்ணினால், "அப்பா இன்னிக்கு நாப்பது நிமிஷம்டி" என்பாள். டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவரும் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார்.

வெட்டின இடத்தை அவள் கூட்டுவதில்லை. தொழில்காரன்தான் கூட்ட வேண்டும் என்பான் தம்பி. மத்தியானம் சாப்பிட வரும்போது விளக்குமாற்றை எடுத்து இரண்டு இழுப்பில் முடித்துவிடுவான். ஒரு வெள்ளிக்கிழமை அவனுக்குக் காய்ச்சல். வரவில்லை. அன்றைக்கு மெக்கானிக்கின் முறை. சத்தம் சரியாக முப்பத்தெட்டு நிமிஷம். அவர் போனதும், கத்தரியை வாங்கிப் பூட்டிவிட்டு, அண்ணி விளக்குமாற்றை எடுத்தாள்.

கூட்டக் கூட்ட ஒன்றுமே வரவில்லை. காற்றில் பறந்துவிட்டதோ என்று துவைக்கிற கல்லின் பின்னால் பார்த்தாள். சாக்கடை வாயைப் பார்த்தாள். நாற்காலியை நகர்த்திப் பார்த்தாள். கடைசியில் முறத்தில் விழுந்தது இரண்டு காய்ந்த இலை, ஒரு சட்டைப் பட்டன், விரல் நுனியால் கிள்ளி எடுக்கிற அளவுக்குக் கொஞ்சம் முடி.

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே மெக்கானிக் கடைக்கு நடந்தாள். அவர் கழற்றிப்போட்ட இன்ஜினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"என்ன அண்ணி, அண்ணனுக்கு ஏதாவது..."

"ஒண்ணுமில்ல. திரும்புங்க."

"என்னது?"

"அந்தப் பக்கம் திரும்புங்கன்னேன்."

திரும்பினார். முடி சட்டைக் காலரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"முப்பத்தெட்டு நிமிஷம் என்ன வெட்டினாரு தம்பி?"

மெக்கானிக் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே உதறினார். பொய் சொல்ல வராத ஆள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்ணும் வெட்டல அண்ணி. இப்ப ஒரு மாசத்துக்கு மேலயே அப்படித்தான். எல்லாருக்குமே. மொதல்ல ரெண்டு சீவு சீவுவாரு. அப்புறம் காதுக்குப் பக்கத்துல கத்தரியக் காத்துல ஆட்டிக்கிட்டு நிப்பாரு. முடியத் தொடாது. கடையிலகூட ரொம்பக் கறார் பண்றவங்களுக்குச் சும்மா அப்படி நாலு ஆட்டு ஆட்டுவாங்க இல்ல, அது மாதிரி."

"நீங்க ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல."

"வழுக்கையார்தான் மொதல்ல கேட்டாரு, ஏம்ப்பா கை வலிக்குமே, நிறுத்தேன்னு. அதுக்கு அண்ணன் சொன்னாராம்." மெக்கானிக் அவள் முகத்தைப் பார்க்காமல் இன்ஜினைப் பார்த்துச் சொன்னார். "நிறுத்தினா அவ பாட்டு நின்னுடுதுன்னு."

அண்ணி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. தெருவில் திரும்பி நடக்கும்போது இருபத்திரண்டு பேரும் தெரிந்தே உட்கார்ந்திருக்கிறார்கள், தம்பி தெரிந்தே கூட்டியிருக்கிறான், தான் ஒருத்திதான் ஏமாளி மாதிரி உள்ளே உட்கார்ந்து முணுமுணுத்திருக்கிறோம் என்று நினைத்து நினைத்துக் கூசியது. கோபமும் வந்தது. அவர்மேல்தான் வந்தது, வேறு யார்மேல் வரும்? நோயாளிமேல் கோபப்படக் கூடாது என்று அதை விழுங்கியிருக்கலாம். அவள் விழுங்கவில்லை.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"யாரை ஏமாத்துறீங்க நீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாப்பது நிமிஷம் நாப்பது நிமிஷம்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன். டாக்டர்கிட்ட சொன்னேன். புள்ளகிட்ட சொன்னேன். வெறுங்காத்தை வெட்டிக்கிட்டு நின்னிருக்கீங்க."

"ஆமா."

"ஏங்க?"

அவர் யோசித்தார். அந்த ஏழு மாதத்தில் அவர் சேர்ந்தாற்போல் நாலைந்து வாக்கியம் பேசியது அன்றைக்குத்தான்.

"தலையைப் பார்த்தா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலடி. முப்பது வருஷம் வெட்டினவன். ஒரு தலையில எங்க கத்தரி வைக்கணும்னு தெரியல. சரி, வெட்ட வேணாம், சத்தம் மட்டும் வரட்டும்னு பாத்தேன். நீ உள்ள சந்தோசமா இருந்தே."

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் கொறையலையா? கொஞ்சம்கூடவா இல்ல?"

"உள்ள அப்படியேதான் இருக்கு."

"அப்படின்னா எனக்காக ஒண்ணும் ஆட வேணாம்" என்றாள் அண்ணி. "எனக்கு இந்த நாடகம் வேணாம். நான் என்ன சின்னப் புள்ளையா? வேண்டாம், விட்டுடுங்க."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அவருக்கு அந்தப் பாரமாவது குறையட்டும் என்றும் நினைத்தாள். கோபமும் அதில் இருந்தது, பொய் சொல்வானேன்.

அவர் விட்டுவிட்டார்.

மறுநாள் ஆறு மணிக்கு எழுப்பினாள். ஏழாயிற்று, எட்டாயிற்று. ஒரு கால்கூட இறங்கவில்லை. குளிக்கவில்லை. பத்து மணிக்கு இஸ்திரிக்காரர் வந்து, கொஞ்ச நேரம் பின்கட்டில் நாற்காலியில் தானாகவே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதற்கு மறுநாள் வாத்தியார். அதற்கு மறுநாள் தபால்காரர். வராதீர்கள் என்று அவர்களிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வரவேண்டியதில்லை என்று அவர்களுக்கும் தோன்றவில்லை. வழுக்கையார் பேப்பர் கொண்டுவந்து ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். படித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "நாளைக்கு வரேன்ப்பா" என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

தம்பிக்குக் காய்ச்சல் விட்டு வந்தபோது விஷயம் தெரிந்தது. அண்ணிமேல் குரல் உயர்த்தாதவன் அன்றைக்கு உயர்த்தினான்.

"உங்கள யாரு அண்ணி கூட்டச் சொன்னது? ஒரு நாள் அந்த எடம் அப்படியே கெடந்தா என்ன?"

"எனக்குத் தெரியாம எல்லாரும் சேந்து..."

"தெரிஞ்சு என்ன பண்ணினீங்க? நின்னுக்கிட்டாவது இருந்தாரு. இப்பப் பாருங்க."

சொல்லிவிட்டு அவனே சுவரில் சாய்ந்து அழுதான். அவள் அவனுக்குச் சோறு போட்டாள். பிசைந்து வைத்துக்கொண்டு இருவரும் தின்னாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பதினொரு நாள் போயிற்று. மாத்திரையையும் இரண்டு வாய் கஞ்சியையும் மட்டும் அவள் கையிலிருந்து வாங்கி விழுங்கினார், கொடுத்தால் திறக்கிற வாய். மகள் போன் பண்ணினால், "தூங்கறாருடி" என்றாள். மனுஷன் தூங்கினால்தானே! விழித்துக்கொண்டே கிடந்தார். பூட்டுச் சாவியை அவள் இடுப்பிலிருந்து எடுக்கவே இல்லை. குளிக்கும்போதுகூட எடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அவள் மட்டும் டாக்டரம்மாவிடம் போனாள். நடந்தது அத்தனையும் சொன்னாள். தன் வாயால் சொன்னதையும் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"மாத்திரையை மாத்தித் தர்றேன். ரெண்டு நாள் பார்ப்போம், இப்படியே இருந்தார்னா கூட்டிட்டு வாங்க, இங்கயே தங்க வச்சுப் பார்க்கலாம்" என்று எழுதிக் கொடுத்தார். பிறகு பேனாவை மூடிவிட்டுச் சொன்னார். "உங்களத் தப்பு சொல்லலம்மா. ஆனா ஒண்ணு. அவரு காத்துலதான் வெட்டினாரு, சரி. தினமும் பத்து மணிக்கு எழுந்து நின்னு, நாப்பது நிமிஷம் கையத் தூக்கி வச்சிருந்தாரே. அது பொய் இல்லையேம்மா. உங்களுக்காகத்தான் நின்னாருன்னா, அவருக்குப் பிடிச்சுக்கிட்டு நிக்க இருந்தது அது ஒண்ணுதான்."

பஸ்ஸில் வரும்போது அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்தவள், "யாராவது தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். "இல்ல, இருக்காரு" என்றாள் அண்ணி.

மறுநாள் காலை அவள் அவரை எழுப்பவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சட்டைக் கட்டுக்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. பின்கட்டில் அன்றைக்கு முறைக்காரரான மருந்துக்கடைக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டார். தம்பி வாசலில் இருந்தான்.

"நான் சொன்னது தப்புங்க" என்றாள் முதுகைப் பார்த்து. "எனக்கு அந்தச் சத்தம் வேணும். வெட்ட வேணாம். யாரும் வரவும் வேணாம். எனக்காகத்தான். நாடகம்தான். இருந்துட்டுப் போகட்டும்."

முதுகு அசையவில்லை. அவள் கால் மரத்துப்போயிற்று.

"கத்தரி எங்க வச்சிருக்கே?"

அண்ணியின் கை இடுப்புச் சாவிக்குப் போயிற்று. எதற்குக் கேட்கிறார்? வேலைக்கா? இல்லை, மற்றதற்கா? குரலில் ஒன்றுமே இல்லை, கண்டுபிடிக்க முடியாது. ஐந்து மாதமாக அவள் எந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தாளோ அதே கேள்வி. ஏழு மாதமாக அவர் வாயிலிருந்து என்ன வரவேண்டும் என்று ஏங்கினாளோ, அதுவும் அதே கேள்வி.

"எங்கிட்டதான் இருக்கு" என்றாள். "நான் எடுத்துத் தரேன். நான் பக்கத்துல இருக்கறப்ப மட்டும்தான். திரும்ப எங்கிட்டயே குடுத்துடணும்."

அவர் எழுந்தார். எழுந்ததற்கே மூச்சு வாங்கியது. பன்னிரண்டு நாள் தாடியோடு, கசங்கின வேட்டியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். தம்பி ஓடிவரப் பார்த்தான். அண்ணி கையால் நில் என்றாள். அவன் கதவுக்கு உள்ளேயே நின்றுகொண்டான், எட்டினால் பிடிக்கிற தூரத்தில்.

நாற்காலி காலியாக இருந்தது. ஆள் இல்லாமல் அவர் எதற்குப் பக்கத்தில் கத்தரியை ஆட்டுவார்? அண்ணி பெட்டியைத் திறந்து கத்தரியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, தானே அந்த நாற்காலியில் ஏறி அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். பன்னிரண்டு நாளாகச் சீப்பு படாத தலை. இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அவள் தலையில் கத்தரி வைத்ததில்லை. அவருக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார அவளுக்குப் பயமாக இருந்தது. அவள்மேல் கை வைப்பார் என்று பயமில்லை. பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாத பயம். துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு எடுக்கணும்?" என்றார்.

எந்தக் கடையில் போய் உட்கார்ந்தாலும் கேட்கிற கேள்விதான். அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தரிடமும் அவர் அதைக் கேட்டு அவள் காதில் விழுந்ததில்லை.

"கொஞ்சம்" என்றாள். "உங்களுக்கு எது சரியோ."

காத்திருந்தாள். முடியை அவர் கையில் எடுப்பது தெரிந்தது. நுனியை விரலிடுக்கில் வைத்து இழுத்துப் பிடிப்பது தெரிந்தது. கிச் என்று ஒரு சத்தம்கூட வரவில்லை. தலைக்குமேல் ஒரு காக்கை போயிற்று. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவ ஆரம்பித்து, கழுவி முடித்து, உள்ளே போய்விட்டார்கள். அப்புறம் முடியைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. கையை அப்படியே அவள் உச்சந்தலையில் வைத்தார். பாரமாக இருந்தது, நனைந்த துணிமூட்டை மாதிரி.

"ஆகலடி" என்றார். "என்னால ஆகல."

அவள் கையைப் பின்னால் நீட்டினாள். அவர் கத்தரியை அதில் வைத்தார். கூரான பக்கம் தன் பக்கம் இருக்க, பிடி அவள் பக்கம் இருக்க, தொழில்காரன் இன்னொருத்தருக்குக் கொடுக்கிற விதமாக வைத்தார். அவள் அதை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சரி" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. "ஆகலைன்னா வேணாம். அப்படியே கொஞ்ச நேரம் நில்லுங்க."

நின்றார். முணுமுணுக்கலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. அவர் கை மட்டும் அவள் தலைமேல் இருந்தது. வெயில் கல்லின்மேல் ஏறி, நாற்காலிக் காலுக்கு வந்து, அவள் முழங்கால் வரைக்கும் வந்தது. அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.